குழாய் பேண்ட்டும் நாலு மாடிக் கட்டடமும்

பந்தியில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் அப்பாவின் நண்பர் வீட்டுக் கல்யாணம். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாலி கட்டி முடிந்ததும் பாய் விரித்து இலை போட்டார்கள். அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"வா சுந்தரம், உக்காரு."

"நீங்க சாப்பிடுங்கப்பா. நான் அடுத்த பந்தியில பாத்துக்கறேன்."

"உனக்கும் சேத்துத்தான் இலை போட்டாச்சு."

அண்ணன் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, பரிமாறுகிறவர்களோடு நின்றுகொண்டார். யாரோ கையில் ஒரு தண்ணீர்ச் செம்பைத் திணித்தார்கள். அதை வாங்கிக்கொண்டாரே தவிர, குனிந்து ஒருவருக்கும் ஊற்றவில்லை. குனியவும் முடியாது என்பது எனக்குத் தெரியும். அன்று காலை திரைக்குப் பின்னால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்த சத்தத்தைக் கேட்டவள் நான். வரும் வழியில் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் வந்தார்.

ஜாலான் புசார் பக்கம் புதிதாக ஒரு தையல்காரர் கடை போட்டிருந்தார். அண்ணன் வயதுதான். சினிமாக்களில் வருகிற ஒல்லிக் கால் பேண்ட்டை அச்சாகத் தைத்துத் தருவார் என்று துறைமுகத்தில் அண்ணனோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கே போனார்கள். அண்ணன் அன்று போட்டிருந்ததும் அவர் தைத்ததுதான். சாம்பல் நிறத் துணி. கால் முழுக்கக் குழாய். "குழாய் பேண்ட்" என்றுதான் எங்கள் தெருவில் அதற்குப் பெயர்.

எங்கள் எதிர் வரிசையில் வடக்கே நேவல் பேஸ் என்கிற கடற்படைத் தளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய மகள் கமலாவை அண்ணனுக்குக் கேட்கலாம் என்று ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் சும்மா பார்ப்பது போலப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டாரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். கமலாவின் அப்பா ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

நாலு நாள் கழித்துக் கமலா வீட்டிலிருந்து செய்தி வந்தது. "பையன் நல்ல பையன்தான். ஆனா எல்லாரோடயும் சரிசமமா உக்காந்து சாப்பிடறது அவருக்குப் பிடிக்கலைபோல. நாங்க சாதாரண ஆளுங்க."

அப்பா அந்த ஒரு வாரம் அண்ணனோடு பேசவில்லை.

வெள்ளை டிரில்

அப்பாவின் உடுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தக் கோபம் புரியாது.

அவர் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கிராணி. குமாஸ்தாவைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அந்தச் சொல்லுக்கே அப்போது கஞ்சி போட்டதுபோல ஒரு விறைப்பு உண்டு. வெள்ளை டிரில் என்கிற கெட்டிப் பருத்தித் துணியில் அகலமான பேண்ட். இடுப்பில் பக்கத்துக்கு இரண்டு மடிப்பு. கால் விளிம்பில் வெளியே மடித்துத் தைத்த பட்டி. மேலே கழுத்து மூடிய கோட்டு. சலவைக்குப் போடும் முன் அதன் பித்தளைப் பொத்தான்களைக் கழற்றி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். திங்கட்கிழமை காலையில் அந்த டப்பா குலுங்கும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும்.

சின்ன வயதில் ஒரு தடவை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாடாங் திடலைத் தாண்டி நடந்தபோது, அரசாங்கக் கட்டடங்களின் தூண்களை அண்ணாந்து பார்த்தேன். மேலிருந்து கீழே வரிவரியாகக் கோடுகள் ஓடின. திரும்பி அப்பாவின் பேண்ட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே கோடுகள். வெள்ளைக்காரன் ஊரைக் கட்டும்போதே அப்பாவுக்கும் சேர்த்து அளவெடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் குடியிருந்தது சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே மிளகாய் அரைக்கும் மில். மாடியின் முகப்பில் மூன்று ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே காரையில் செய்த ஒரு பூங்கொத்து. இளஞ்சிவப்பும் பச்சையும் பூசி, மழையில் பாதி வெளுத்துப் போயிருந்தது. பூக்களுக்கு நடுவே கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. அந்த வழியாக மிளகாய்த் தூள் வருகிறது என்று அம்மா ஒரு நாள் செய்தித்தாளைச் சுருட்டி எல்லா ஓட்டையையும் அடைத்தார். அன்று பெய்த மழைக்கு ஜன்னலையும் மூடினோம். கால் மணி நேரத்தில் வீடு அவிய ஆரம்பித்தது. அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி, காகிதத்தை எல்லாம் பிடுங்கி எறிந்தார்.

"தும்மிக்கிட்டாவது உயிரோட இருப்போம்" என்றார்.

ஒரு கோடு கூடவும் கூடாது

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்ததும் நகரத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே எனக்கு டிரேசர் வேலை. மற்றவர்கள் பென்சிலில் வரைந்த படத்தின் மேல், கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிற மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையால் அப்படியே படியெடுக்க வேண்டும். மை பிடிக்க முதலில் துணியில் பவுடர் தடவித் துடைக்க வேண்டும். வியர்வை பட்டால் துணி வெளிறிப் போகும் என்பதால் மணிக்கட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கைக்குட்டை. தப்பு நேர்ந்தால் பிளேடால் சுரண்ட வேண்டும். பக்கத்து அறையில் நகல் எடுக்கும் அமோனியா வாடை. சாயங்காலம் என் தலைமுடியிலும் அது இருக்கும்.

தலைமை வரைவாளர் மிஸ்டர் பெரேரா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டிரேசருக்குக் கை மட்டும் போதும்."

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பெண், ஒரு அளவு தப்பாக இருக்கிறது என்று தானே திருத்திவிட்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டாளாம். அந்த அளவு நிஜமாகவே தப்பாகத்தான் இருந்தது என்று பியூன் என்னிடம் இரகசியமாகச் சொன்னார்.

அலுவலகத்தில் நான் கவனித்து இரசித்த ஒரு விஷயம் உண்டு. அங்கே மூன்று ஆண்கள் படம் போட்டார்கள். மூன்று பேருமே தாங்கள் போட்ட படத்தைத்தான் உடுத்தியிருந்தார்கள்.

பெரிய துரை வெள்ளை சூட்டுக்காரர். அப்பாவின் உடுப்புக்கு மூலப்பிரதி அவர். அவர் இளமையில் போட்ட படங்கள் அலமாரியில் இருந்தன. எல்லாம் தூண், வளைவு, விளிம்புக்கு விளிம்பு மடிப்பு.

பெரேராவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பட்டை போட்ட தொளதொள பேண்ட். நடந்தால் துணி அலை அலையாக ஆடும். காலில் வெள்ளையும் பழுப்புமாக இரண்டு நிற ஷூ. அவர் ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் வரைந்த வீடுகளுக்கு மூலையெல்லாம் வளைவு; சுவரைச் சுற்றிப் பட்டை பட்டையாக வேறு வண்ணம். ஜாலான் புசாரில் அப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்தால், பெரேரா முனையில் திரும்பி நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

மூன்றாமவர் மிஸ்டர் லியோங். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அரைக் கை வெள்ளைச் சட்டை, விரல் அகலத்துக்கு ஒரு டை, கணுக்காலோடு ஒட்டிய கறுப்பு பேண்ட். மடிப்பில்லை, பட்டியில்லை. அவர் கோட்டே இல்லாமல் வேலைக்கு வந்த முதல் நாள் பெரிய துரை நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். மறுநாள் அவரும் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

லியோங்கின் படங்களைப் படியெடுப்பது எனக்குப் பிடிக்கும். பூவும் இலையுமாகச் சுற்றிச் சுற்றி மையிழுத்த கைக்கு, அவருடைய நீளமான நேர்கோடுகள் ஓய்வு மாதிரி இருந்தன. சுதந்திரம், தேர்தல் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். பழைய நகைகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஊர் வேறு எங்கோ கிளம்பப் போகிறது என்று அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது தோன்றும்.

பிரித்துப் பார்த்தேன்

அண்ணனின் பேண்ட்டுக்கு வருகிறேன்.

நேவல் பேஸ் செய்தி வந்த பிறகு அண்ணன் அந்த பேண்ட்டை என் மடியில் கொண்டுவந்து போட்டார்.

"ஏதாச்சும் பண்ணு, ராணி. தூக்கிப் போட மனசு வரலை. இப்ப இதுதான் ஸ்டைல் லா."

அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். உள்ளே தளர்த்திக் கொடுக்கத் துணியே இல்லை. நல்ல தையல்காரர் உள்ளே அரை அங்குலமாவது விட்டு வைப்பார். இவர் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியிருந்தார். கால் ஒல்லியாக இருப்பதால் அண்ணனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உட்காரும்போது விரிய வேண்டிய இடத்திலும் துணியைக் குறைத்ததுதான் கோளாறு.

இரண்டு காலும் சேருகிற இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். துணி அதே நிறத்தில் கிடைக்காமல், அப்பாவின் பழைய குடைத் துணியில்தான் வைத்தேன். நின்றால் வெளியே தெரியாது. அண்ணன் போட்டுக்கொண்டு மெதுவாக, பிறகு தைரியமாகச் சம்மணமிட்டார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஐந்தாறு தடவை அப்படியே செய்துவிட்டு, "பாத்தீங்களாம்மா" என்றார்.

அம்மா பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி நேவல் பேஸுக்குப் போனார். கமலாவின் அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"என் புள்ளைக்குத் திமிரெல்லாம் இல்லைங்க. உக்காந்தா பேண்ட்டு கிழிஞ்சிடும்னு பயந்து நின்னான். அவ்வளவுதான்."

உள்ளறையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், பாத்திரம் ஏதோ கீழே விழுந்தது. கமலா அண்ணிதான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அம்மா பிறகு சொல்வார்.

ஜன்னல் மட்டும் பாக்கி

அதே மாதத்தில்தான் லியோங்கின் பெரிய படம் என் மேசைக்கு வந்தது. ஜாலான் புசாரில் ஒரு தவ்கே, அதாவது சீன முதலாளி, கட்டப் போகிற நாலு மாடிக் கட்டடம். கீழே கடைகள், மேலே மூன்று மாடி வீடுகள். லியோங் தனியாகப் பொறுப்பேற்ற முதல் கட்டடம்.

முகப்பு சலவைக்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. சுவரோடு சுவராக ஜன்னல்கள். மேலே பூ இல்லை, வளைவு இல்லை, ஒரு நூல் அளவுகூட நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. அவ்வளவு சுத்தமான படத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக மையிழுக்க ஆரம்பித்தேன்.

ஜன்னல்களுக்கு வந்தபோது கை நின்றது. படத்தின் மூலையில் திசைக்குறி இருந்தது. முகப்பு மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும். மழை வந்தால் ஜன்னலை மூட வேண்டும். மூடினால்?

செய்தித்தாளை அடைத்துவிட்டு நாங்கள் அவிந்த அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. இந்தப் படத்தில் முப்பது குடும்பங்கள்.

திருத்தினால் வேலை போகும். சொன்னாலும் போகலாம். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். என் சம்பளமும் வீட்டுக்கு வேண்டியிருந்தது. அதைவிட, அந்த மேசையும் மையும் எனக்குப் பிடித்துப் போயிருந்தன. இரண்டு நாள் மற்ற எல்லாவற்றையும் இழுத்து முடித்துவிட்டு, ஜன்னல் இருக்கும் இடங்களை மட்டும் வெறுமையாக விட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் லியோங் வந்து நின்றார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்; நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"ஜன்னல் மட்டும் ஏன் பாக்கி?"

"சார், ஜன்னலுக்கு மேலே ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. அதுதான் இந்தப் படமே."

"மழை பெஞ்சா?"

"மூடிக்கொள்வார்கள்."

"மூடினா காத்து எப்படி வரும்?"

பெரேரா தன் மேசையில் பென்சில் சீவுவதை நிறுத்தினார். என் கைக்குட்டை நனைந்துவிட்டது. ஆரம்பித்தாகிவிட்டது, இனி முடித்துவிடுவது என்று பேசினேன்.

"பூவை எல்லாம் எடுத்தது எனக்குப் பிடிச்சிருக்கு சார். பூ வேண்டாம். ஆனா பழைய வீடுகள்ல பூவுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கும். பூவை எடுக்கும்போது ஓட்டையும் சேர்ந்து போயிடுச்சு. எங்கண்ணனோட தையல்காரரும் இதைத்தான் பண்ணினார். தொளதொளன்னு இருக்கக் கூடாதுன்னு துணியைக் குறைச்சார். உக்கார்ற இடத்திலயும் குறைச்சிட்டார். அண்ணனால கல்யாணச் சாப்பாடு சாப்பிட முடியலை."

லியோங் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அவரை அறியாமலே, குனிந்து தன் பேண்ட்டைப் பார்த்தார்.

"டிரேசருக்கு அபிப்பிராயம் கிடையாது" என்றார் பெரேரா அங்கிருந்தே.

லியோங் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சிகரெட்டின் புகை

இரண்டு நாள் என் மேசையில் வேலை எதுவும் வைக்கப்படவில்லை. பேனாக்களைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமை அரை நாள். கிளம்பும்போது லியோங் வாசலில் நின்றார். "நீ சொன்ன ஓட்டையை நான் பார்க்க வேண்டும். உன் வீட்டில் அனுமதிப்பார்களா?"

முன்னால் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். வேட்டி பனியனில் இருந்தவர் அவசரமாக ஒரு சட்டையை மாட்டிக்கொண்டார். லியோங் மாடிப்படி ஏறி வரும்போது கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தும்மல் அவருடையது.

டிசம்பர் மாதம். இரண்டு மணிக்கே வானம் கறுத்து, மழை பிடித்துக்கொண்டது. அம்மா ஜன்னல்களைச் சாத்தினார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, கிராணி ஆங்கிலத்தில் "பிளீஸ் பி சீட்டட்" என்றார்.

"வேண்டாம். நீங்கள் தூங்குவது தரையில்தானே? அந்த உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்" என்று சொல்லி, லியோங் பாயைப் பார்த்தார்.

அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒல்லிக் கால் பேண்ட்டோடு இந்த மனிதர் எப்படித் தரையில் உட்காரப் போகிறார்?

லியோங் சர்வசாதாரணமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்க பேண்ட்டு யார் தைச்சது?" அண்ணனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

லியோங்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். நான் எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியாமல் சொன்னேன்: "தைச்சவருக்குத் தெரிஞ்சிருக்கு சார், எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாதுன்னு."

அவர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். இழுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். புகை முதலில் தயங்கிச் சுற்றியது. பிறகு ஒரு கயிறு போல மேலே போய், நடு ஜன்னலுக்கு மேலே இருந்த பூங்கொத்தின் ஓட்டைகளில் நுழைந்து வெளியேறியது. சிகரெட் முழுக்க எரிந்து விரலைச் சுடும் வரை அவர் அசையவில்லை.

"ஒரு சிகரெட் வீணாப் போச்சே" என்றார் அப்பா தமிழில்.

லியோங் காலி சிகரெட் உறையைப் பிரித்து அதன் பின்புறத்தில் வரைய ஆரம்பித்தார். ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து மெல்லிய சிமெண்டுப் பலகை ஒன்று நீண்டது. அதற்கு அடியில், ஜன்னலுக்கும் பலகைக்கும் நடுவே, நீளமாக ஒரு இடைவெளி.

"இந்தப் பலகை எவ்வளவு நீள வேண்டும்? ஜன்னல் திறந்திருந்தால் உங்கள் வீட்டில் மழை எதுவரைக்கும் வரும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. எழுந்து போய்த் தரையில் ஒரு இடத்தைக் கால் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுவரைக்கும்தான் தினம் துடைக்கிறேன்."

லியோங் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஜன்னலடியிலிருந்து அம்மாவின் கால் விரல் வரை அளந்து, உறையில் எழுதிக்கொண்டார். அம்மா கொண்டுவந்த கோப்பியைக் குடித்துவிட்டு மழையோடேயே கிளம்பிப் போனார்.

மடிப்பு இல்லை

திங்கட்கிழமை புதிய படம் வந்தது. எல்லா ஜன்னல்களையும் ஒரே கோடாக இணைத்து, மாடிக்கு ஒரு பலகையாக மூன்று பலகைகள். அடியில் நீளமாக நிழல். பழைய படம் இதற்குப் பக்கத்தில் பட்டினி கிடந்த மாதிரி இருந்தது.

பெரேரா வந்து வெகுநேரம் பார்த்தார். பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டே, "நாங்களும் அந்தக் காலத்தில் இந்த மாதிரி பட்டை இழுத்தோம். ஆனால் அழகுக்காக மட்டும்" என்றார். போகும்போது என் மேசையில் தன் நல்ல பேனாக்களில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

கட்டடம் எழும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அண்ணன் கல்யாணம் முடிந்துவிட்டது. அண்ணியின் வீட்டார் கேட்டுக்கொண்டபடி, மாப்பிள்ளை முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார்.

சாரம் பிரித்த வாரத்தில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எதிர்ச்சாரியில் ஒரு இரும்புச் சாமான் கடையின் நடையில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அவர் வெள்ளை டிரிலில் இருந்தார். கட்டடமும் வெள்ளைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு வெள்ளை.

"மடிப்பே இல்லை" என்றார் கடைசியில். "ஆனா தையல் நல்லா இருக்கு."

அந்தத் தீபாவளிக்கு அவர் கால் பட்டி இல்லாத பேண்ட் ஒன்று தைக்கக் கொடுத்தார். இடுப்பில் ஒரு மடிப்பு மட்டும் இருக்கட்டும் என்று தையல்காரரிடம் வாதாடி வாங்கினார். கோட்டை அதற்கு அடுத்த வருஷம் விட்டார். ஆபீசுக்கு அரைக் கைச் சட்டையோடு கிளம்பிய முதல் நாள், எதையோ மறந்துவிட்டவர் போல வாசலில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தெரு முனை திரும்பும்போது நடையில் வேகம் கூடியிருந்தது.

குடிவந்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. மழை நாட்களில் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது மேலே பார்ப்பேன். ஜன்னல்கள் சாத்தியிருக்கும். பலகைகளின் விளிம்பில் தண்ணீர் மணி மணியாகச் சொட்டும். உள்ளே யாரோ நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகள் பிறந்திருந்தன. ஊரெங்கும் அடுக்கு வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் வேலை மலையாகக் குவிந்தது. ஒரு நாள் காலை லியோங் என் மேசைக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து வரைபலகையில் நாலு மூலையிலும் குண்டூசி குத்திவிட்டு, "பாலர் வகுப்புக்கு ஒரு சின்னக் கட்டடம். இரண்டு அறை. மேற்கு வெயில் உண்டு" என்று சொல்லி, இடத்தின் அளவு எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்தார்.

மை புட்டியைத் திறந்து, பவுடரை எடுத்து, கைக்குட்டையை மடித்து வைத்தேன். பிறகுதான் கவனித்தேன்.

"சார், அடியில வைக்கிற படம் எங்கே?"

அவர் அதற்குள் தன் மேசைக்குப் போய்விட்டிருந்தார். அங்கிருந்து இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு குண்டூசியைப் பிடுங்கி, தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வரைபலகை மட்டும்தான் இருந்தது.

மை புட்டியை மூடிவிட்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.